பருத்தி நாட்டுப் பந்தாட்டம்

தாஷ்கண்ட் என்ற பெயர் நம் நாட்டவருக்குப் புதியதன்று. 1966ஆம் ஆண்டு ஜனவரியில் இந்தியாவும் பாகிஸ்தானும் சமாதானப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட நகரம் அது. கையெழுத்திட்ட சில மணி நேரத்திற்குள் நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி உயிர் நீத்த நகரமும் அதுவே. டில்லியில் முகலாய ஆட்சியை நிறுவிய பாபர் பிறந்த ஆண்டிஜானும் அந்நாட்டிலேயே உள்ளது. உஸ்பெகிஸ்தானைப் பற்றிப் பேசுவோர் பட்டு வணிகப் பாதையைப் பற்றியும், சாமர்கண்டின் நீல மாடங்களைப் பற்றியும், கண்ணுக்கெட்டிய தூரம் விரியும் பருத்தி வயல்களைப் பற்றியும் பேசுவர். அந்நாட்டுக் கால்பந்தாட்டத்தைப் பற்றிப் பேசுவோர் நம்மிடையே மிகச் சிலரே.

ஆயினும் அவ்வாட்டத்தின் சரித்திரம் அறிந்துகொள்ளத் தக்கது. 2025ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் தேதி அபுதாபி நகரில் ஐக்கிய அரபு அமீரகக் குழுவை எதிர்த்து ஆடிய உஸ்பெகிஸ்தான் குழு, இருபுறமும் கோல் விழாமல் ஆட்டத்தைச் சமநிலையில் முடித்து, 2026ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் பந்தயத்திற்குத் தகுதி பெற்றது. மத்திய ஆசியக் குடியரசுகளுள் அத்தகுதியை முதன்முதலில் எய்தியது அதுவே. ஆனால் இதே குழு, 1994ஆம் ஆண்டிலேயே, தான் முதன்முறை கலந்துகொண்ட ஆசிய விளையாட்டுகளில் தங்கப் பதக்கம் வென்றிருந்தது. ஆசியாவின் சிகரத்தை முதல் முயற்சியிலேயே தொட்ட ஒரு குழு, உலக அரங்கின் வாயிலை அடைய 31 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது ஏன்? இக்கேள்விக்கு விடை காண முயல்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

உஸ்பெகிஸ்தான் சோவியத் யூனியனின் ஓர் அங்கமாக இருந்த காலத்தில், அந்நாட்டுக்கெனத் தனித் தேசியக் குழு இல்லை. அக்குறையை நிரப்பியது தாஷ்கண்டின் பக்தகோர் கழகம். 1956இல் தோன்றிய இக்கழகத்தின் பெயருக்குப் பருத்தி விளைவிப்போன் என்பது பொருள். மாஸ்கோவின் கழகங்கள் படை, போலீஸ், ரயில்வே, தொழிற்சாலை ஆகியவற்றின் பெயர்களைத் தாங்கி நின்றபோது, தாஷ்கண்டின் கழகம் வயலில் உழைப்பவனின் பெயரைத் தாங்கி நின்றது. சோவியத் யூனியனின் முதல் வகுப்புப் பந்தயங்களில் இடம்பெற்ற ஒரே உஸ்பெக் கழகம் அதுவே. 1966ஆம் ஆண்டு ஏப்ரலில் பெரும் பூகம்பம் ஒன்று தாஷ்கண்ட் நகரைச் சிதைத்தது. நகரம் மீண்டும் எழுந்துகொண்டிருந்த வேளையில், 1968இல், பக்தகோர் சோவியத் கோப்பையின் இறுதிப் பந்தயம் வரை சென்று, மாஸ்கோவின் டார்பிடோ கழகத்திடம் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றது. ஒரு கோல் வித்தியாசம் என்ற அச்சொற்றொடரை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். அது இந்தச் சரித்திரத்தில் மீண்டும் மீண்டும் வரும்.

1979ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் தேதி நேர்ந்த துயரம் தோல்வி வெற்றிக் கணக்கில் அடங்காதது. மின்ஸ்க் நகரில் ஆட வேண்டியிருந்த பக்தகோர் வீரர்கள் ஏறிச் சென்ற விமானம், உக்ரைன் நாட்டு வானில் மற்றொரு பயணிகள் விமானத்தோடு மோதியது. இரு விமானங்களிலும் இருந்த 178 பேரும் மாண்டனர். அவர்களுள் 17 பேர் பக்தகோர் குழுவினர். 1976ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் சோவியத் குழுவோடு வெண்கலப் பதக்கம் பெற்ற விளாதிமிர் ஃபியோதரோவ் அவர்களுள் ஒருவர். கொரிய வம்சத்தவரான மிகயில் ஆன் மற்றொருவர். ஸ்டாலின் ஆட்சியில், 1937இல், தூரக் கிழக்கிலிருந்து மத்திய ஆசியாவுக்குப் பலவந்தமாகக் குடிபெயர்க்கப்பட்ட கொரிய மக்களின் வழிவந்தவர் அவர். உஸ்பெக்கியர், ரஷ்யர், கொரியர் எனப் பல இனத்தவரும் ஒரே சட்டையணிந்து ஆடிய கழகம் அது. தாஷ்கண்ட் நகரமும் அவ்வாறே பல இனத்தவர் கலந்து வாழ்ந்த நகரமாக இருந்தது.

அழிந்த கழகத்திற்குப் பிற சோவியத் கழகங்கள் தத்தம் வீரர்களை அளித்து உதவின. எத்தனை ஆட்டங்களில் தோற்றாலும் மூன்றாண்டு காலம் முதல் வகுப்பிலிருந்து பக்தகோர் கீழே இறக்கப்படமாட்டாது என்று அதிகாரிகள் உறுதி கூறினர். அந்த மூன்றாண்டுகளின் முடிவில், 1982இல், பக்தகோர் யாருடைய கருணையையும் வேண்டாமல் ஆறாம் இடத்தைப் பெற்றது.

1991இல் உஸ்பெகிஸ்தான் சுதந்திர நாடாயிற்று. கொடி, கீதம், நாணயம் ஆகியவற்றோடு ஒரு தேசியக் கால்பந்தாட்டக் குழுவும் தேவையாயிற்று. 1992ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் தேதி, அண்டை நாடான தஜிகிஸ்தானின் தலைநகர் துஷான்பேயில் அக்குழு தன் முதல் ஆட்டத்தை ஆடியது. இருபுறமும் இரண்டிரண்டு கோல்கள். ஆட்டம் சமநிலையில் முடிந்தது. ஆனால் ஒரு பேரரசு கலைந்தபோது அதன் வீரர்களும் கலைந்தனர். தாஷ்கண்டில் வளர்ந்த ஆந்திரேய் பியாத்நித்ஸ்கி சோவியத் குழுவுக்கு ஆடினார். பின்பு உஸ்பெகிஸ்தானுக்கும் ஆடினார். இறுதியில் ரஷ்யக் குழுவோடு 1994ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்குச் சென்றார். எந்த நாடு தம் நாடு என்பதை விளையாட்டு வீரர்கள் ஒரே ஆண்டிற்குள் முடிவு செய்ய வேண்டியிருந்த காலம் அது.

எஞ்சியவர்களைக் கொண்டு ருஸ்தம் அக்ரமோவ் என்ற பயிற்சியாளர் ஒரு குழுவை உருவாக்கினார். 1994 அக்டோபரில் ஜப்பானின் ஹிரோஷிமா நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுகளுக்கு அக்குழு சென்றபோது, அதைப் பொருட்படுத்தியவர் எவருமிலர். அரையிறுதியில் பலம் வாய்ந்த தென் கொரியாவை எதிர்கொண்டது. ஆட்டத்தின் பெரும்பகுதியும் கொரியரின் கையோங்கியே இருந்தது; ஆயினும் அசமத் அப்துரைமோவ் தொலைவிலிருந்து உதைத்த பந்து கோலாகி வெற்றியைத் தேடித் தந்தது. அவருடைய தந்தை பெராதர் அப்துரைமோவ், பழைய பக்தகோரின் புகழ்பெற்ற ஆட்டக்காரர். இறுதிப் பந்தயத்தில் சீனாவை நாலுக்கு இரண்டு என்ற கணக்கில் வென்று உஸ்பெகிஸ்தான் தங்கப் பதக்கம் பெற்றது.

இவ்விடத்தில் நம் நாட்டின் தொடர்பு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். ஹிரோஷிமாவில் வெற்றி கண்ட அதே அக்ரமோவ், 1995இல் இந்தியக் குழுவின் பயிற்சியாளராக அழைக்கப்பட்டார். பைச்சுங் பூட்டியா என்ற இளைஞர் இந்தியச் சட்டையை முதன்முதலில் அணிந்தது அவர் காலத்திலேதான். 1996ஆம் ஆண்டு பிப்ரவரியில் உலகத் தரவரிசையில் இந்தியா 94ஆம் இடத்தைப் பெற்றது. அதற்கு மேற்பட்ட இடத்தை நாம் அதன் பின் எய்தவில்லை. 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வென்ற இந்தியாவுக்கு, தொடக்கத்து வெற்றி ஒரு நாட்டை எவ்வளவு தூரம் அழைத்துச் செல்லும் என்பதும், எவ்விடத்தில் கைவிடும் என்பதும் தெரியும்.

உஸ்பெகிஸ்தானும் அதை விரைவில் அறிந்தது. ஹிரோஷிமாவில் வென்றவர்கள் சோவியத் பயிற்சிப் பள்ளிகளில் வார்க்கப்பட்டவர்கள். அப்பள்ளிகள் தளர்ந்துபோன பின், அவர்களுக்குப் பின்வந்தோர் அவ்வளவு திறம் பெறவில்லை. 1996ஆம் ஆண்டு ஆசியக் கோப்பையில் முதற் சுற்றோடு நாடு திரும்பினர். 2000ஆம் ஆண்டில் ஜப்பானிடம் எட்டுக்கு ஒன்று என்றும், சவூதி அரேபியாவிடம் ஐந்துக்குச் சூன்யம் என்றும் தோற்றனர். மெல்ல மெல்லவே குழு மீண்டது. 2004இல் தன் பிரிவில் மூன்று ஆட்டங்களையும் வென்று, கால் இறுதியில் பெனால்டி உதைகளில் பஹ்ரைனிடம் வீழ்ந்தது.

அடுத்த ஆண்டு நடந்தது கால்பந்துச் சரித்திரத்திலேயே விசித்திரமானது. 2006ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்குச் செல்லும் வழியில், 2005 செப்டம்பர் 3ஆம் தேதி தாஷ்கண்டில், மீண்டும் அதே பஹ்ரைனை உஸ்பெகிஸ்தான் எதிர்கொண்டது. ஒன்றுக்குச் சூன்யம் என்று முன்னணியில் இருந்தபோது ஒரு பெனால்டி கிடைத்தது. பந்தும் கோலுக்குள் சென்றது. ஆனால் உதைக்கும் முன்பே உஸ்பெக் வீரர் ஒருவர் எல்லைக்குள் நுழைந்துவிட்டார். சட்டப்படி அந்தப் பெனால்டியை மறுபடியும் உதைக்கச் செய்திருக்க வேண்டும். ஜப்பானிய நடுவரோ, பஹ்ரைனுக்கு ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார். ஆட்டம் ஒன்றுக்குச் சூன்யம் என்றே முடிந்தது. வென்ற உஸ்பெகிஸ்தான், நடுவரின் தவற்றைச் சுட்டிக்காட்டி, தனக்கு மூன்று கோல் வெற்றி அளிக்க வேண்டுமென முறையிட்டது. சர்வதேசச் சம்மேளனம் தவற்றை ஒப்புக்கொண்டது; ஆனால் மூன்று கோல் வெற்றியை அளிக்கவில்லை; முடிவையே ரத்து செய்து, ஆட்டத்தை மறுபடியும் ஆடும்படி ஆணையிட்டது. மறு ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்ற சமநிலை. பஹ்ரைனில் நடந்த ஆட்டம் கோலின்றிச் சமநிலை. வெளியூரில் போட்ட ஒரு கோலின் பலத்தால் பஹ்ரைன் மேற்சென்றது. கையிலிருந்த வெற்றியைத் தானே நீதிமன்றத்திற்கு இழுத்துச் சென்று இழந்த கதை இது.

நடுவரால் நொந்த அந்நாடே உலகிற்கு ஒரு தலைசிறந்த நடுவரை அளித்தது என்பது வியப்புக்குரியது. தாஷ்கண்டைச் சேர்ந்த ரவ்ஷான் இர்மதோவ், 2010ஆம் ஆண்டு உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டத்தை நடத்தினார். 2010, 2014, 2018 ஆகிய மூன்று உலகக் கோப்பைகளில் மொத்தம் 11 ஆட்டங்களுக்கு அவர் நடுவராக இருந்தார். அதுவரை எவரும் அத்தனை ஆட்டங்களை நடத்தியதில்லை. உஸ்பெகிஸ்தானின் ஊதல் உலகக் கோப்பையில் ஒலித்தது; உஸ்பெகிஸ்தானின் குழு மட்டும் வெளியே நின்றது.

இதற்கிடையில் பணத்தால் வழியைச் சுருக்கிவிடலாம் என்ற எண்ணமும் தோன்றியது. 2005இல் பிறந்து, 2008இல் புன்யோத்கோர் என்று பெயர் மாற்றிக்கொண்ட தாஷ்கண்ட் கழகம், பிரேஸில் நாட்டின் ரிவால்டோவை வீரராக வரவழைத்தது. ஜீகோவும், பின்னர் ஸ்கோலாரியும் அதன் பயிற்சியாளர்களாயினர். உலகப் புகழ் பெற்ற பெயர்கள் தாஷ்கண்டின் வீதிகளில் ஒலித்தன. சில ஆண்டுகளில் அவ்விருந்தினர்கள் புறப்பட்டுச் சென்றனர். எனினும் அக்காலம் வீண் போயிற்று என்று சொல்வதற்கில்லை. அக்கழகத்தில் ஆடிய செர்வர் ஜெபரோவ் 2008இல் ஆசியாவின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்; அக்கழகத்தை விட்டுச் சென்ற பின் 2011இலும் மறுபடி அவ்வாறே தேர்ந்தெடுக்கப்பட்டார். 2011ஆம் ஆண்டு ஆசியக் கோப்பையில் உஸ்பெகிஸ்தான் அரையிறுதியை எட்டியது. அங்கே ஆஸ்திரேலியாவிடம் ஆறு கோல்கள் வாங்கித் தோற்றது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

2013ஆம் ஆண்டின் கதையே எல்லாவற்றிலும் கொடியது. ஹிரோஷிமாவில் தங்கம் வென்றவர்களுள் ஒருவரான மிர்ஜலால் காசிமோவ் அப்போது பயிற்சியாளர். 2014ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்கான இறுதிச் சுற்றில், தென் கொரியாவும் உஸ்பெகிஸ்தானும் 14 புள்ளிகள் பெற்றுச் சமமாக நின்றன. கொரியாவின் கோல் வித்தியாசம் ஆறு. உஸ்பெகிஸ்தானின் வித்தியாசம் ஐந்து. ஒரே ஒரு கோல்! சியோல் நகரில் கொரியாவிடம் தோற்றபோது விழுந்த ஒரே கோலும், உஸ்பெக் வீரர் ஒருவர் தவறித் தம் கோலுக்குள்ளேயே தள்ளிய பந்துதான். அதன் பின் ஜோர்தானோடு நடந்த இரு ஆட்டங்களும் ஒன்றுக்கு ஒன்று என முடிந்தன. பெனால்டி உதைகளில் எட்டுக்கு ஒன்பது என்று உஸ்பெகிஸ்தான் தோற்றது. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2017 செப்டம்பர் 5ஆம் தேதி, தாஷ்கண்டில் தென் கொரியாவை வென்றிருந்தால் உலகக் கோப்பை நேரே கிட்டியிருக்கும். அந்த ஆட்டத்தில் கோலே விழவில்லை.

இத்தோல்விகளைத் துரதிருஷ்டம் என்று சொல்லித் தேற்றிக்கொள்வது எளிது. ஆனால் ஒரு முறை ஒரு கோல் தவறினால் அது விதி. மூன்று முறை தவறினால் அது குறைபாடு. பெரும்பாலான வீரர்கள் உள்நாட்டுப் பந்தயங்களிலேயே ஆடிப் பழகியவர்கள். நெருக்கடியான கடைசி நிமிடங்களின் அனுபவம் அவர்களுக்குக் குறைவு. முன்னணி வீரர் ஒருவர் காயமுற்றால் அவரிடத்தை நிரப்பத்தக்க மற்றொருவர் இல்லை. பயிற்சியாளர்கள் அடிக்கடி மாறினர். ஆழம் இல்லாத கிணறு கோடையில் வறண்டு போவதைப் போல, ஒவ்வொரு முறையும் கடைசி ஆட்டத்தில் குழு வறண்டு நின்றது.

அக்கிணற்றை ஆழப்படுத்தியவர்கள் சிறுவர்கள். 2012இல் உஸ்பெகிஸ்தானின் 16 வயதுக்குட்பட்டோர் ஆசிய வெற்றி வீரர்களாயினர். 2018 ஜனவரியில், சீனாவின் சாங்ஜோ நகரில், கொட்டும் பனியில் வியட்நாமை வென்று 23 வயதுக்குட்பட்டோர் ஆசியப் பட்டம் பெற்றனர். 2021இல் ஒரு புதிய முறை கையாளப்பட்டது. ஒலிம்பிக் என்ற பெயரில் ஒரு கழகமே தாஷ்கண்டில் அமைக்கப்பட்டு, இளம் வீரர்கள் ஒரே குழுவாக ஆண்டு முழுவதும் பெரியவர்களை எதிர்த்து ஆடும்படி செய்யப்பட்டனர். ஒரு பந்தயத்திற்கு முன் சில வாரங்கள் மட்டும் கூடிப் பிரிவதற்கும், ஆண்டு முழுவதும் ஒன்றாக ஆடுவதற்கும் உள்ள வேற்றுமை விரைவில் தெரிந்தது. 2023இல் 20 வயதுக்குட்பட்டோர் ஆசியப் பட்டம் வென்றனர். அதே ஆண்டில் 17 வயதுக்குட்பட்டோர் தம் உலகக் கோப்பையில் இங்கிலாந்தை வென்று கால் இறுதிக்குச் சென்றனர். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக் கால்பந்துப் பந்தயத்தில் உஸ்பெகிஸ்தான் முதன்முறையாக இடம்பெற்றது. 2025 ஏப்ரலில், சவூதி அரேபியாவை அதன் சொந்த மண்ணிலேயே, ஒன்பது வீரர்களோடு ஆடி வென்று, 17 வயதுக்குட்பட்டோர் ஆசியப் பட்டத்தையும் பெற்றனர்.

இப்பள்ளியில் வளர்ந்தோர் வெளிநாடுகளுக்கும் சென்றனர். எல்தோர் ஷொமுரோதோவ் ரஷ்யாவின் ரஸ்தோவ் வழியாக இத்தாலிக்குச் சென்று, ஜெனோவா, ரோமா ஆகிய கழகங்களில் ஆடி, தேசியக் குழுவுக்கு அதிகக் கோல்கள் போட்டவர் என்ற பெருமையையும் பெற்றார். 2004இல் பிறந்த அப்துகோதிர் குசானோவ், புன்யோத்கோரின் இளைஞர் பள்ளியில் பயின்று, 1979இல் பக்தகோர் வீரர்கள் சென்று சேராத அதே மின்ஸ்க் நகரில் தம் தொழிலாட்டத்தைத் தொடங்கினார். அங்கிருந்து பிரான்சின் லான்ஸ் கழகத்திற்கும், 2025 ஜனவரியில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டிக்கும் சென்றார். ரிவால்டோவை விலைக்கு வாங்கிய அந்தக் கழகம், தன் பள்ளியில் வளர்ந்த சிறுவன் ஒருவனால் அதைவிடப் பெரும் பெருமை பெற்றது.

2021இல் பொறுப்பேற்ற ஸ்லோவேனியரான ஸ்ரெச்கோ கடனெட்ஸ், பந்தைத் தடுக்கும் கலையைக் குழுவுக்குப் பொறுமையாகக் கற்பித்தார். 2024 ஜனவரியில் கத்தார் நாட்டில் நடந்த ஆசியக் கோப்பையில் அக்குழுவின் கட்டுப்பாட்டை இந்தியர் நேரிலேயே கண்டனர். நம் குழு மூன்றுக்குச் சூன்யம் என்று தோற்றது. கடனெட்ஸ் 2025 ஜனவரியில் உடல்நலக் குறைவால் விலகியபோது, பொறுப்பு திமூர் கபாத்ஸேயிடம் வந்தது. 2011இல் அரையிறுதி கண்ட குழுவில் ஆடியவர் அவர். ஒலிம்பிக் கழகத்து இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தவரும் அவரே. பழைய தோல்விகளையும் புதிய பிள்ளைகளையும் ஒருங்கே அறிந்த அவரது தலைமையில்தான் அபுதாபியின் சமநிலை கிட்டியது. ஐந்து நாட்களுக்குப் பின் தாஷ்கண்டில் கத்தாரை மூன்று கோல்களால் வென்று அதைக் கொண்டாடினர். 2013இல் உஸ்பெகிஸ்தானைப் பெனால்டி உதைகளில் வெளியேற்றிய ஜோர்தானும், அதே ஜூன் 5ஆம் தேதியன்றே தன் முதல் உலகக் கோப்பைத் தகுதியைப் பெற்றது.

2026இல் குழுக்களின் எண்ணிக்கை 48ஆக உயர்த்தப்பட்டு, ஆசியாவுக்கு எட்டு நேரடி இடங்கள் ஒதுக்கப்பட்டதால்தான் இவ்வெற்றி கிட்டியது என்பாரும் உளர். வாயில் அகலமாயிற்று என்பது உண்மையே. ஆனால் உஸ்பெகிஸ்தான் கடைசி இடத்தில் ஒட்டிக்கொண்டு நுழையவில்லை. 10 ஆட்டங்களில் 21 புள்ளிகள் பெற்று, முதலிடம் பெற்ற ஈரானுக்கு இரண்டே புள்ளிகள் பின்னால் நின்றது. மூன்றாம் இடத்து அமீரகம் பெற்றவை 15 புள்ளிகளே. ஒரு கோலுக்காக ஏங்கிய குழு, இம்முறை ஆறு புள்ளிகள் மிச்சம் வைத்துக்கொண்டு கரையேறியது.

அண்டை நாடுகளும் உறங்கிக் கிடக்கவில்லை. கஜகஸ்தான் 2002இல் ஐரோப்பியச் சம்மேளனத்தில் சேர்ந்து வேறு வழியில் சென்றது. தஜிகிஸ்தான், தான் முதன்முறை கலந்துகொண்ட ஆசியக் கோப்பையிலேயே, 2024இல், கால் இறுதியை எட்டியது. 2025 செப்டம்பரில் மத்திய ஆசிய நாடுகளின் கோப்பையை உஸ்பெகிஸ்தான் ஈரானிடமிருந்து வென்றது. விருந்தினராகச் சென்ற இந்தியா அப்பந்தயத்தில் மூன்றாம் இடம் பெற்றது.

ஹிரோஷிமாவின் தங்கம் ஒரு மறைந்த அரசு விதைத்ததன் அறுவடை. அதன் பின் வந்த தோல்விகள், விதைக்காமல் அறுக்க நினைத்ததன் பயன். அபுதாபியின் வெற்றியோ, சுதந்திர நாடு தானே உழுது, தானே விதைத்து, காத்திருந்து பெற்ற முதல் விளைச்சல். பருத்திச் செடியை இழுத்து நீட்டி வளர்க்க முடியாது என்பதை அம்மண்ணின் உழவர் தலைமுறை தலைமுறையாக அறிவர். அதே உண்மையைப் பந்தாட்டத்தில் கற்றுக்கொள்ள அந்நாட்டுக்கு 31 ஆண்டுகள் ஆயின. இரண்டு பழைய தங்கப் பதக்கங்களின் நினைவோடு வாழும் நமக்கும் அப்பாடம் பயன்படக் கூடியதே.